மரங்கள் நிறைந்த மனையில் வீடு: வாசகர் கேள்வி பதில்

மரமும் புதரும் அடர்ந்த நிலத்தை வாங்கி, அதில் வீடு கட்டத் தயாராகிவரும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெட்டப்போகும் மரங்களைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் இந்த வேலையில் கூடுதல் கவனம் தேவைப்படுவது வெட்டாமல் விடப்போகும் மரங்களுக்கும் அவற்றின் அடியில் இருக்கும் மண்ணுக்கும்தான் என்பதால், பதில்களில் அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் மனைக்குள் நுழையக்கூட வழியில்லாத அளவுக்கு மரங்களும் புதர்களும் மண்டிக் கிடக்கின்றன. பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சமன்செய்துவிட்டால் செலவும் நேரமும் மிச்சமாகும் என்கிறார் ஒப்பந்ததாரர். அப்படிச் செய்யலாமா? இல்லையென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அப்படிச் செய்ய வேண்டாம். இயந்திரம் அந்த வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எந்த மரம் எங்கே நிற்கிறது, மழைநீர் எந்த வழியாக ஓடுகிறது, வளமான மேல்மண் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்ற மூன்றையும் அறிந்துகொள்ளும் வாய்ப்பும் அந்த ஓரிரு நாளிலேயே போய்விடும். வீட்டை மனையின் எந்தப் பகுதியில் நிறுத்துவது என்று முடிவெடுக்க உங்களுக்கு இருக்கும் ஆதாரங்களே இவை மூன்றும்தான்.

முதலில் நில அளவரை அழைத்து எல்லையை உறுதிசெய்யுங்கள். புதர் மண்டிய நிலத்தில் எல்லைக்கல் இருக்கும் இடத்தைக் கண்ணால் ஊகிப்பது ஆபத்து. எல்லைக்கு அப்பால் நிற்கும் ஒரு மரத்தைத் தவறுதலாக வெட்டிவிட்டால், அந்த வழக்கு வீடு கட்டி முடிந்த பிறகும் தொடரக்கூடும். மரம் வெட்டுவதற்கு முன்அனுமதி பெற வேண்டுமா, வெட்டக்கூடாத இனங்கள் எவையேனும் உங்கள் நிலத்தில் உள்ளனவா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுத்துபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்த நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் வெட்டுவதற்குப் பல இடங்களில் அனுமதி தேவை.

அடுத்து, அரிவாளும் கைவாளும் கொண்டு புதரை மட்டும் அகற்றச் சொல்லுங்கள். கொடிகள், முட்செடிகள், கைவிரல் பருமனுள்ள கன்றுகள் ஆகியவற்றை நீக்கினாலே போதும், நிலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் பருவத்தைத் தவிர்த்து இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. வேலை செய்பவர்கள் முழங்கால் வரையிலான காலணி அணிய வேண்டும். குளவிக் கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று மேலே பார்த்துவிட்டும், பாம்பு இருக்கக்கூடும் என்பதால் நீண்ட கம்பால் தட்டிப் பார்த்துவிட்டும் கைவைக்க வேண்டும்.

நிலம் தெரிந்தபின், கட்டம் போட்ட தாளில் மனையை வரைந்து, கைப்பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் அதில் குறியுங்கள். மரத்துக்கு ஓர் எண், இனம், மார்பளவு உயரத்தில் எடுத்த சுற்றளவு, தோராயமான உயரம், உடல்நிலை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். எண்ணை ஆணியடித்து மாட்டாமல் கயிற்றில் கட்டுங்கள். நீர்மட்டக் குழாயை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நடந்தாலே மேடு பள்ளங்களையும் அதே தாளில் குறித்துவிடலாம். பின்னர் ஒரு நல்ல மழையின்போது குடையுடன் சென்று, நீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வறண்ட நாளில் போக நேர்ந்தாலும் கோரை முளைத்திருக்கும் இடம், அடிமரத்தில் பாசி படர்ந்திருக்கும் உயரம், கருத்து இறுகிய மண் ஆகியவை நீர் தேங்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டுதான் வரைபடப் பொறியாளரிடம் பேச வேண்டும். நல்ல மரங்கள் குறைவாக உள்ள, நீர் தேங்காத இடம் வீட்டுக்கு உரியது. வீட்டுக்கு மட்டுமல்லாமல், வண்டி வரும் பாதை, செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, குழாய்களும் மின்கம்பியும் செல்லும் பள்ளம், செங்கல்லும் மணலும் இறக்கும் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தத் தாளில் இடம் ஒதுக்குங்கள். வீட்டுக்காக வெட்டப்பட்ட மரங்களைவிட, யாரும் யோசிக்காமல் போட்ட பாதைக்கும் பள்ளத்துக்கும் பலியான மரங்கள் அதிகமாக இருக்கும் மனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வரைபடத்தின்படி வீட்டுச் சுவரிலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு பெரிய மரம் வருகிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் அது அப்படியே நிற்க வேண்டும் என்று ஆசை. கிளைகள் கூரையைத் தொடாது என்பதால் பிரச்சினை வராது என்கிறார் வரைபடம் போட்டவர். அவர் சொல்வது சரியா?

பதில்: கிளைகளை மட்டும் பார்த்து அப்படி முடிவுசெய்ய முடியாது. மரத்தின் வேர் கீழ்நோக்கி ஆழமாக இறங்கியிருக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான மரங்களின் வேர்த்தொகுதியில் பெரும்பகுதி தரைக்குக் கீழே முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரந்திருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அதிலும் மேலான 30 சென்டிமீட்டரில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கிளைகளின் விளிம்பைத் தாண்டி நெடுந்தூரம் அவை செல்லும். ஆகவே கடைக்காலுக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும்போது, முதல் இரண்டடியிலேயே அந்தப் பக்கத்து வேர்களில் பெரும்பாலானவை அறுபட்டுவிடுகின்றன.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்குப் பல நாடுகளிலும் பின்பற்றப்படும் எளிய கணக்கு ஒன்று உண்டு. கட்டுமானப் பணிகளின்போது மரங்களைக் காப்பதற்காக பிரிட்டனில் வகுக்கப்பட்ட பி.எஸ். 5837 என்ற தரநிலை, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதை 12 ஆல் பெருக்கி, கிடைக்கும் நீளத்தை ஆரமாகக் கொண்ட வட்டத்தைத் தொடாமல் விடச் சொல்கிறது. உங்கள் மரத்தின் சுற்றளவு 157 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 50 சென்டிமீட்டர். 12 ஆல் பெருக்கினால் 6 மீட்டர். அளவு நாடாவை மரத்தடியில் பிடித்துக்கொண்டு 6 மீட்டரில் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டுப் பாருங்கள். உங்கள் சுவர் அந்த வட்டத்துக்குள் 2 மீட்டர் புகுந்து நிற்கிறது. சுவர் நிற்கும் கோட்டோடு வேலை முடிவதில்லை. வானத்தின் அகலம், சாரம் கட்டும் இடம், ஆட்கள் நடமாடும் இடம் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்றரை மீட்டர் உள்ளே வரும். அப்படியானால் மரத்துக்கு மிஞ்சுவது 2.5 மீட்டர்தான். அதில் அந்த மரம் பிழைப்பது கடினம். பிழைத்தாலும், ஒரு பக்கத்து வேரை இழந்த மரம் காற்றில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

வரைபடம் தாளில் இருக்கும்போதே வீட்டைச் சில மீட்டர் நகர்த்திவிடுவதுதான் நான் சொல்லக்கூடிய முதல் வழி. அதற்கு இடமில்லை என்றால், தொடர்ச்சியான பள்ளத்துக்குப் பதிலாக ஆங்காங்கே துளையிட்டுத் தூண் இறக்கி, தரைக்கு மேலாக உத்திரம் ஓடவிடும் அடித்தளத்தை அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது அமைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் அந்த வட்டத்தின் வழியாகக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், பள்ளம் வெட்டாமல் வேர்களுக்குக் கீழே கிடைமட்டமாகத் துளையிட்டுச் செலுத்தும் முறை இருக்கிறது.

அந்த மரம் இவ்வளவு சிரமத்துக்குத் தகுதியானதுதானா என்பதையும் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றிக் காளான் முளைத்திருப்பது, உச்சிக்கிளைகள் காய்ந்திருப்பது, ஒரு பக்கம் சாய்ந்து எதிர்ப்பக்கத்து மண் வெடித்திருப்பது, இரட்டையாகப் பிரிந்த தண்டுகளின் கவையில் பட்டை உள்மடிந்திருப்பது ஆகியவை எச்சரிக்கைகள். இன்னொன்றும் உண்டு. அடர்ந்த தோப்பில் ஒன்றையொன்று நெருக்கி வளர்ந்த மரங்கள் வெளிச்சத்தைத் தேடி உயரமாகவும் மெலிந்தும் போயிருக்கும். காற்றின் வேகத்தைச் சுற்றியுள்ள மரங்கள் தாங்கிக்கொண்டதால் அவற்றின் வேர் தனித்து நிற்கப் பழகியிருக்காது. சுற்றியுள்ளவற்றை வெட்டிவிட்டு அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் வீட்டருகே நிறுத்துவதைவிட, நான்கைந்து மரங்களைக் கூட்டமாக விட்டுவைப்பது பாதுகாப்பானது. மாற்றத்தைத் தாங்கும் வலிமை முதிர்ந்த மரத்தைவிட இளமரத்துக்கு அதிகம். ஆகவே மனையிலேயே பெரிய மரம்தான் காக்க வேண்டிய மரம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடாதீர்கள்.

எந்த மரங்களை வைத்துக்கொள்வது என்று முடிவானதும், முதல் இயந்திரம் உள்ளே நுழைவதற்கு முன்பாகவே அந்த வட்டத்தைச் சுற்றி வேலி போட்டுவிட வேண்டும். வண்ண நாடா கட்டினால் போதாது. கம்பம் நட்டு, எளிதில் நகர்த்த முடியாத வேலியாக அது இருக்க வேண்டும். கடைசி வண்டி வெளியேறும் வரை அந்த வேலிக்குள் செங்கல் அடுக்கக்கூடாது, மணல் கொட்டக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது. கலவை இயந்திரத்தைக் கழுவிய நீரை அங்கே ஊற்றவே கூடாது. சிமெண்ட் நீரின் காரத்தன்மை மண்ணின் இயல்பையே மாற்றிவிடும்.

கேள்வி: மரங்களை வெட்டியாகிவிட்டது. தூர்கள் மட்டும் நிற்கின்றன. மேலே மண் போட்டுக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் அவை தாமாக மக்கிவிடும் என்கிறார் மேஸ்திரி. தூரைப் பறிக்காமல் விடலாமா?

பதில்: அவை மக்கிவிடும் என்பதுதான் பிரச்சினையே. தளத்துக்குக் கீழே இருக்கும் தூரும் தடித்த வேர்களும் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல மக்கி, அவை இருந்த இடம் வெற்றிடமாகும். மேலே இருக்கும் மண் அதற்குள் இறங்கும். தளம் தொங்கலாக நின்று பின்னர் விரிசல் விடும். மக்கும் மரம் கரையானுக்கு உணவு. அந்த வேர்களே அதற்கு வீட்டுக்குள் வரும் பாதையாகவும் அமையும். ஆகவே வீடு, திண்ணை, வாகனம் நிறுத்தும் தளம், செப்டிக் டேங்க், வண்டிப்பாதை ஆகிய எதன் அடியிலும் தூர் இருக்கக்கூடாது. தோட்டமாக விடப்போகும் இடத்தில் மட்டும், தரைமட்டத்துக்குக் கீழே 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை இயந்திரத்தால் அரைத்து எடுத்துவிட்டு மீதியை மண்ணுக்குள் விட்டுவிடலாம். காக்கப்போகும் மரங்களின் வேலிக்குள் இருக்கும் தூர்களையும் அரைப்பதுதான் நல்லது. பிடுங்கினால் பக்கத்து மரத்தின் வேரும் சேர்ந்து வரும்.

இன்னும் மரங்களை வெட்டாத வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூரைப் பொக்லைன் கொண்டு பறிக்கப்போகிறீர்கள் என்றால் மரத்தைத் தரையோடு வெட்டாமல், சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு அடிமரத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். நெம்புவதற்கு அந்த உயரம் பிடி கொடுக்கும், குழியும் சிறிதாகும்.

தூரைப் பறித்த குழியை மூடுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. குழியில் மிஞ்சிய வேர்த்துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, அடியில் தளர்ந்திருக்கும் மண்ணை அகற்றி, கெட்டியான மண் தென்படும் வரை சுத்தம் செய்ய வேண்டும். பிறகு இலைதழையும் வேரும் கலக்காத கிராவல் மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் அளவான ஈரத்தோடு திமிசு போட்டு இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், ஆனால் விரல் இடுக்கில் நீர் கசியக்கூடாது. அந்த ஈரம்தான் சரியான ஈரம். முழுக் குழியையும் ஒரே தடவையில் நிரப்பிவிட்டு மேலே மட்டும் இடித்தால் மேல் அடுக்கு இறுகும், கீழே இருப்பது பொதுபொதுவென்றே இருக்கும். அதில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு இறங்கிவிட்டது என்று திருப்திப்படுவதும் போதாது. கடைக்காலோ தூணோ நேராகக் குழியின்மேல் வருமானால், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எதைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் நிலம் களிமண். பெரிய மரங்களை அகற்றிய உடனே கட்டத் தொடங்க வேண்டாம், ஆண்டுக் கணக்கில்கூடக் காத்திருக்க நேரலாம் என்று பொறியாளர் சொல்கிறார். மரம்தான் போய்விட்டதே, இனி எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் பொறியாளர் சரியாகவே சொல்கிறார். களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும்; உலர்ந்தால் சுருங்கும். ஒரு பெரிய மரம் வெப்பமான நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை மண்ணிலிருந்து இழுக்கிறது. பல பத்தாண்டுகள் அப்படி இழுக்கப்பட்ட களிமண், ஆழத்தில் நெடுங்காலமாகவே சுருங்கிப்போன நிலையில் இருக்கும். மரத்தை வெட்டியதும் நீரை இழுப்பவர் யாரும் இல்லை. மழைக்கு மழை அந்த மண் நீரைத் திரும்பப் பெற்று மெதுவாக மேலே எழும்பும். இது ஒரு மழைக்காலத்தில் முடிந்துவிடும் செயலன்று. சில நிலங்களில் பல ஆண்டுகள் நீடிக்கும். அதற்குள் வீடு எழுந்துவிட்டால், மரம் நின்ற மூலை மட்டும் உயர்ந்து, சுவரில் விரிசல்கள் தோன்றும், கதவுகள் இறுகிப்போகும்.

இதற்கு நேர்மாறானது, வீட்டருகே விட்டுவைத்த மரம் கடைக்காலுக்குக் கீழே உள்ள களிமண்ணை உலர்த்துவது. 1976-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏற்பட்ட கடும் வறட்சியின்போது, களிமண் பகுதிகளில் மிகப் பெரும் எண்ணிக்கையிலான வீடுகளில் இப்படி நிலம் இறங்கி விரிசல் விழுந்தது. மரத்துக்கும் கடைக்காலின் ஆழத்துக்கும் உள்ள உறவை அங்கே தீவிரமாகக் கவனிக்கத் தூண்டிய நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. மரத்தின் முழு வளர்ச்சி உயரத்தையும் அது எவ்வளவு நீரை இழுக்கும் இனம் என்பதையும் வைத்துப் பாதிப்பின் எல்லையைக் கணக்கிடுவது அங்கு வழக்கமாகிவிட்டது. நீரை அதிகம் இழுக்கும் இனங்களுக்கு உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு, நடுத்தர இனங்களுக்கு முக்கால் மடங்கு, குறைவாக இழுப்பவற்றுக்கு அரை மடங்கு என்ற அளவு பயன்படுத்தப்படுகிறது. அந்த எல்லைக்குள் வீடு கட்டக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கடைக்காலை வழக்கத்தைவிட ஆழமாகவோ தூண்களின் மீதோ அமைக்க வேண்டும் என்பதே பொருள்.

உங்களுக்குக் காத்திருக்க முடியாது என்றால் மண் பரிசோதனை செய்து, மரங்கள் நின்ற இடங்களின் பட்டியலையும் அவற்றின் உயரத்தையும் பொறியாளரிடம் கொடுங்கள். மரம் வெட்டும் முன் வரைந்த தாள் இருந்தால் இந்த இடத்தில் அது பொன்போன்றது. மணலும் சரளையுமான நிலங்களில் இந்த உப்பலும் சுருக்கமும் பெரிதாக இருப்பதில்லை என்பதால், மற்ற வாசகர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: வெட்டிய கிளைகளும் புதரும் மலையாகக் குவிந்துவிட்டன. கொளுத்திவிடலாமா, அல்லது மனையின் ஓரத்தில் பெரிய குழி தோண்டிப் புதைத்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். மரங்கள் சூழ்ந்த இடத்தில் கொளுத்தும்போது தீ தரைக்குக் கீழே வேர்களின் வழியாகவும் மக்கிய சருகின் வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் புகைந்துகொண்டே சென்று, நாட்கள் கழித்து வேறோர் இடத்தில் கிளம்பக்கூடும். பல இடங்களில் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடையும் உண்டு. புதைத்தாலோ, தூரைப் பற்றிச் சொன்ன அதே காரணங்களால் நிலம் இறங்கும், கரையான் வரும்.

கிளைகளை இயந்திரத்தில் இட்டு மரச்சில்லுகளாக்குங்கள். காக்கும் மரங்களின் அடியில் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு அதைப் பரப்பலாம். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். பச்சைச் சில்லுகளை மண்ணோடு கலந்து கிளறினால் அவை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைச் சில காலம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் மேலே பரப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி எந்த மரச்சில்லும் வேண்டாம்; காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதி என்றால், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவுமே இருக்கக்கூடாது.

கேள்வி: எங்கள் மனையில் வெட்டப்படும் மரங்களிலிருந்து கதவும் ஜன்னலும் செய்துகொள்ள முடியுமா?

பதில்: மரம் அதற்கேற்ற இனமாக இருந்தால் தாராளமாக முடியும், ஆனால் அந்த மரம் அதே வீட்டின் வேலைக்குத் தயாராகுமா என்பது காலத்தைப் பொறுத்தது. பச்சை மரத்தை இழைத்துக் கதவு செய்தால் ஒரே ஆண்டில் அது முறுக்கிக்கொண்டு சட்டத்தில் பொருந்தாமல் போய்விடும். நிழலில் காற்றாட உலர்த்தினால், 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது தச்சர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. உலர்த்தும் சூளை கிடைத்தால் வாரங்களில் முடிந்துவிடும்.

வெட்டிய உடனேயே கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசுங்கள். முனைகளின் வழியே ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால்தான் கட்டை பிளக்கிறது. விரைவில் பலகையாக அறுத்து, தரையிலிருந்து உயர்த்திய மேடையில், ஒவ்வொரு பலகைக்கும் இடையே சமகனமுள்ள சட்டங்களை ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வருமாறு வைத்து அடுக்குங்கள். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. ஆகவே கதவுக்கான மரங்களை மட்டும் முன்கூட்டியே, கட்டுமானம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே வெட்டிக்கொள்வது நல்லது. மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் அனுமதிச் சீட்டு தேவைப்படும் இடங்களில், அறுக்கும் ஆலைக்கு எடுத்துச் செல்லும் முன் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நல்ல சங்கிலி ரம்பம் ஒன்று வாங்கியிருக்கிறேன். சிறிய மரங்களையாவது நானே வெட்டலாம் அல்லவா?

பதில்: கீழே விழுந்து கிடக்கும் கிளைகளைத் துண்டுபோட அதைப் பயன்படுத்துங்கள், நிற்கும் மரத்தை வெட்டுவதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அடர்ந்த இடத்தில் வெட்டப்படும் மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தில் தொங்கிக்கொள்வது சாதாரணம். அதை விடுவிக்க முயலும்போதுதான் உயிரிழப்புகள் நேர்கின்றன. மேலே காய்ந்து தொங்கும் கிளை ஒன்று அதிர்ச்சியில் நேராகத் தலையில் விழலாம். வேலை நடக்கும்போது, வெட்டுபவரைத் தவிர மற்ற அனைவரும் மரத்தின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். வெட்டுபவர் தலைக்கவசம், கண் மறைப்பு, காலைக் காக்கும் தடித்த உறை ஆகியவை இல்லாமல் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மின்கம்பிக்கு அருகே உள்ள மரத்தை மின்துறையினரின் உதவியின்றி யாரும் தொடக்கூடாது.

கேள்வி: எங்கள் மனை சரிவானது. மரங்களை வெட்டிச் சமன்செய்த பிறகு வந்த முதல் மழையில் மண் அரித்துக்கொண்டு கீழே உள்ள ஓடையில் போய்ச் சேர்ந்தது. வீட்டு வேலை தொடங்கும்வரை இதை எப்படித் தடுப்பது?

பதில்: மழைத்துளியின் வேகத்தை இலையும், ஓடும் நீரைச் சருகும், மண்ணை வேரும் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டதால் இனி எல்லாவற்றையும் செயற்கையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. திறந்து கிடக்கும் மண்ணின் மேல் உடனே வைக்கோலோ மரச்சில்லோ பரப்புங்கள். சில வாரங்களுக்கு அங்கே வேலை இல்லை என்றால் வேகமாக முளைக்கும் புல்லை விதைத்துவிடுங்கள். சரிவின் கீழ் விளிம்பில், சரிவுக்குக் குறுக்காக, அடிப்பகுதியை மண்ணில் புதைத்த துணித்தடுப்பை நட்டால் நீர் கசிந்து வெளியேறும், வண்டல் தங்கிவிடும். மேலேயிருந்து வரும் நீர் வெட்டிய பகுதிக்குள் நுழையாதபடி, மேல் விளிம்பில் சற்றுச் சாய்வான வாய்க்கால் ஒன்று எடுத்து, புல் நிறைந்த பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஓடையை ஒட்டியுள்ள புதரையும் மரத்தையும் இனியாவது தொட வேண்டாம். இருப்பவற்றிலேயே சிறந்த தடுப்பு அதுதான்.

மேல்மண்ணை என்ன செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சமன்செய்யும் முன் மேலே உள்ள 15 முதல் 30 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, 2 மீட்டருக்கு மிகாத குவியலாக்கி மூடி வைத்திருக்க வேண்டும். மக்கிய பொருட்கள் கலந்திருப்பதால் அந்த மண் தளத்துக்குக் கீழே போட ஆகாது. ஆனால் தோட்டத்துக்கு அதைப் போன்றது எங்கும் கிடைக்காது. இன்னும் வழித்தெடுக்காத பகுதி இருந்தால் அங்கேயாவது அப்படிச் செய்யுங்கள்.

வீடு எழும்பும்போது, சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை குறைந்தது 15 சென்டிமீட்டராவது வெளிப்பக்கம் தாழ்ந்து செல்லும்படி மட்டம் வைக்கச் சொல்லுங்கள். சரிவின் மேற்பக்கத்துச் சுவரில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் நீர் நேராக வந்து மோதுவது அந்தச் சுவரில்தான்.

கேள்வி: வீடு கட்டும்போது மிகுந்த அக்கறையோடு ஒரு மரத்தை வெட்டாமல் காப்பாற்றினோம். அடிமரத்தைச் சுற்றி அழகாக மண் நிரப்பி மேடையும் கட்டினோம். குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு இப்போது உச்சி காயத் தொடங்கியிருக்கிறது. பூச்சி எதுவும் தென்படவில்லை. உரம் போடலாமா?

பதில்: உரம் போட வேண்டாம். உச்சி காய்வதன் காரணம் இந்த ஆண்டில் இல்லை. கட்டுமானம் நடந்த காலத்தில் இருக்கிறது. வேர் பாதிக்கப்பட்ட மரம் தண்டிலும் மிச்ச வேரிலும் சேமித்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில ஆண்டுகள் பசுமையாகவே நிற்கும். சேமிப்பு தீரும்போதுதான் உச்சியிலிருந்து காயத் தொடங்கும். அதனால்தான் பாதிப்பு வெளியில் தெரிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும், சிலவற்றில் அதற்கு மேலும் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் மரம் தப்பிவிட்டது என்றே எல்லோரும் நம்பிவிடுகிறோம்.

நீங்கள் எழுதியதிலிருந்து இரண்டு காரணங்களை ஊகிக்க முடிகிறது. முதலாவது அந்த மேடை. வேர்கள் மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே பழகிய மட்டத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண் கூடினாலே பல மரங்களுக்கு மூச்சுத் திணறும். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் அகன்று விரிந்திருக்க வேண்டும். மின்கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது என்றால் அது புதைந்திருக்கிறது என்று பொருள். ஈரமண்ணில் புதைந்த பட்டை அழுகும். இரண்டாவது காரணம், மரத்தடியில் சென்ற வண்டிகள். மண்ணின் இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் சில தடவை வண்டி ஏறி இறங்குவதிலேயே ஏற்பட்டுவிடுகிறது. வேறு வழியின்றி வண்டி போயே ஆக வேண்டிய மனைகளில், முன்கூட்டியே 15 முதல் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சில்லு பரப்பி அதன்மேல் விட்டிருந்தால் பாதிப்பு குறையும்.

இப்போது செய்யக்கூடியது: மேடையை இடித்து, நிரப்பிய மண்ணைக் கையால் மட்டும் மெதுவாக எடுத்து, பழைய தரைமட்டத்தையும் அடிமரத்தின் விரிந்த பகுதியையும் வெளிக்கொண்டு வாருங்கள். மண்வெட்டியை வேகமாக ஓங்கக்கூடாது. பழைய மட்டத்தை நெருங்கும்போது மெல்லிய வேர்கள் தென்படும், அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு கிளைகளின் விளிம்புவரை மரச்சில்லு பரப்பி, வறண்ட நாட்களில் வாரம் ஒருமுறை மண் ஆழமாக நனையும்படி மெதுவாக நீர் விடுங்கள். தினமும் சிறிது தெளிப்பதால் பயனில்லை. காய்ந்த கிளைகளை மட்டும் கவாத்து செய்யுங்கள். உயிருள்ள கிளையைக் குறைத்தால் வேருக்குச் சுமை குறையும் என்று சொல்வார்கள், ஆனால் மரத்துக்கு உணவு தயாரிப்பதே அந்த இலைகள்தான். வண்டி உரசிய காயங்களோ, வெட்டிய இடங்களோ இருந்தால் அவற்றில் தாரோ வண்ணமோ பூச வேண்டாம். மரம் காயத்தை நம் தோலைப்போல் ஆற்றிக்கொள்வதில்லை. கெட்டுப்போன பகுதியை உள்ளேயே தடுப்பு எழுப்பிப் பிரித்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்க்கிறது என்று அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கினார். மேலே பூசும் எதுவும் அந்த வேலைக்கு உதவுவதில்லை.

உச்சியில் கால்பங்குக்கும் குறைவாகவே காய்ந்திருந்தால் இரண்டு வளர்ச்சிப் பருவங்கள் பொறுத்திருந்து பாருங்கள். புதிய துளிர்கள் பழைய அளவுக்கு நீள்கின்றனவா என்பதே மரம் தேறுகிறதா என்பதற்கான அறிகுறி. ஆனால் மண்ணை எடுத்ததும் அடிமரத்தின் பட்டை சுற்றிலும் அழுகியிருப்பது தெரிந்தாலோ, ஒரு பக்கத்து வேர் முழுவதும் வீட்டு வானத்தில் அறுபட்டது உங்களுக்கு நினைவிருந்தாலோ, மரத்தைப் பரிசோதிக்கத் தெரிந்த வல்லுநர் ஒருவரை அடுத்த காற்றுக்காலத்துக்கு முன்பாகவே அழைத்துக் காட்டுங்கள். அதுவரை அந்த மரம் சாயக்கூடிய பக்கத்து அறையில் யாரும் உறங்க வேண்டாம்.